அடையாளம் தெரியாத வாகனம்

நாள்தோறும் செய்தித்தாளின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், விளம்பரங்களுக்கு இடையே நான்கைந்து வரிகளில் ஒரு செய்தி காணப்படும். சாலையைக் கடக்க முயன்ற ஒருவர், அடையாளம் தெரியாத வாகனம் மோதி, அதே இடத்தில் உயிரிழந்தார். உடல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டது. காவல் துறையினர் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். ஊரும் பெயரும் மாறுமேயன்றிச் செய்தி மாறுவதில்லை. படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்னும் சொற்றொடரை நானும் பல்லாண்டுகளாக அவ்வாறே கடந்து சென்றவன்தான். ஒரு கல்லறையின் ஓரத்தில் நின்றபோதுதான் அச்சொற்றொடர் என்னை நிறுத்தி வைத்தது.

ஒரு தாயின் கேள்வி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக வார்க்கும் ஆலைகள் பல உள்ளன. அவற்றின் உலைகளுக்கு முன் நிற்போரில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே கத்தோலிக்கர் கணிசமாக உள்ளனர். எனவே ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் முகங்களில் சில அவர்களுடையவை. நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எப்போது மண்டியிட வேண்டும் என்பது தெரியும்.

அவர்களுள் ஒருவர், இருபத்திரண்டு வயது இளைஞர், ஓர் இரவு பத்து மணியளவில் வேலை முடிந்து, கையில் அரிசியும் காய்கறியும் கொண்ட பையுடன் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையைக் கடந்திருக்கிறார். மோதிய வண்டி நிற்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டு செல்லும் வசதி குடும்பத்துக்கு இல்லாமையால், நம் பங்கின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். நண்பர் ஒருவர் செல்பேசியை உயர்த்திப் பிடித்து அடக்கச் சடங்கைத் தாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தார். மண்ணிட்டு முடித்தபின் அந்தத் தாய் ஏதோ கேட்டார். நண்பர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “எந்த வண்டி என்று அம்மா கேட்கிறார், ஃபாதர்.” தெரியவில்லை என்றேன். தாய் மீண்டும் கேட்டார். நண்பர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அந்த ஊரில் ஒருவருக்குமா தெரியவில்லை என்று கேட்கிறார்.”

அந்த இரவு ஒன்பதரை மணிக்கு, சென்னையில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு, அதே சாலையில் அதே இடத்தைக் கடந்து நான் வீடு திரும்பியிருந்தேன். அவசரம் ஒன்றுமில்லை, சாப்பாடு ஆறிவிடும் என்பதற்கு மேல் எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் விரைந்துதான் வந்தேன். மோதிய வாகனம் என்னுடையது அன்று. ஆனால் அதன் வேகத்துக்கும் என் வேகத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய இயலாது. அரை மணி நேரம் பிந்தி நான் வந்திருந்தால்? இக்கேள்வி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

அருகிலுள்ள ஊரின் பொறுப்பு

கொன்றவர் யாரெனத் தெரியாதபோது பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு விவிலியத்தில் நேரான விடை ஒன்று உண்டு. இணைச் சட்ட நூலின் இருபத்தொன்றாம் அதிகாரம் அது. வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரெனத் தெரியவில்லை. அப்பொழுது மூப்பர்களும் நடுவர்களும் புறப்பட்டு வந்து, உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு உள்ள தொலைவை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள், நுகம் பூட்டப்படாத இளம் பசு ஒன்றை நீரோடும் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய், அங்கே அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைத் தாங்கள் சிந்தவில்லை என அறிக்கையிட்டு, மக்கள் அனைவருக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு மன்றாட வேண்டும்.

இன்றைய நமக்கு இச்சடங்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. முதலாவது, குற்றவாளி அகப்படாமையால் குற்றம் இல்லாமல் போய்விடுவதில்லை. சிந்தப்பட்ட இரத்தத்துக்கு யாரேனும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, அப்பதிலைச் சொல்ல வேண்டியவர் யாரென்பதை அளந்து அறிய வேண்டும். யூதரின் மிஷ்னா நூல் இப்பகுதிக்குத் தரும் விளக்கம் இன்னும் ஆழமானது. ஊர் மூப்பர்களைக் கொலைகாரர்கள் என்று எவரேனும் ஐயுறுவார்களா என்று அது வினவுகிறது. மூப்பர்கள் தங்கள் அறிக்கையால் உணர்த்துவது வேறு: அந்த வழிப்போக்கன் எங்களிடம் வந்தபோது உணவின்றி அவனை அனுப்பிவிடவில்லை, வழித்துணையின்றி அவனைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை என்பதே அதன் பொருள். அதாவது, ஊரின் குற்றம் கை ஓங்கியதில் மட்டும் இல்லை. வழிப்போக்கனைப் பாதுகாப்பின்றிப் போகவிட்டதிலும் இருக்கிறது.

கைகழுவிய இன்னொருவனையும் நாம் அறிவோம். பிலாத்தும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அவனும் குற்றமற்றவன் என்று அறிவித்தான். வேறுபாடு ஒன்றே: மூப்பர்கள் அளந்த பின் கழுவினார்கள், பிலாத்து அளக்காமலே கழுவினான்.

நம் நாட்டுச் சட்டமும் ஒருவகையில் அந்தப் பழைய உண்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவெனத் தெரியாவிட்டாலும், இறந்தவரின் குடும்பத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈட்டுத்தொகை வழங்க மோட்டார் வாகனச் சட்டம் வழி செய்கிறது. நெடுங்காலம் 25,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2022 ஏப்ரல் முதல் 2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழகத்தில் 17,884 பேர். நாடெங்கும் இறந்தோரில் 30,000-க்கும் மேற்பட்டோர் மோதிவிட்டு ஓடிய வாகனங்களால் மாண்டவர்கள். இறந்தோரில் பெரும்பான்மையினர் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். இரு சக்கர வண்டியில் சென்றவர்களும் காலால் நடந்தவர்களுமே. வேகத்தின் பயனை ஒருவர் துய்க்க, அதன் விலையை மற்றொருவர் செலுத்துகிறார். இதை வெறும் விபத்து என்று கூறி முடித்துவிட முடியுமா?

புகையில் கரையும் குற்றம்

மோதி வீழ்த்தும் வாகனத்துக்காவது முதல் தகவல் அறிக்கை உண்டு. மெல்ல மெல்லக் கொல்லும் வாகனத்துக்கு அதுவும் இல்லை. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டே மாசுபட்ட வெளிக்காற்று முழுவதையும் அவ்வரிசையில் வைத்தது. காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, இதயத்தையும் மூளையையும் தாக்குகின்றன. அத்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலக நல நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. 2009-இல் நம் நாடு வகுத்த வரம்போ 40. இந்நோய்களால் இறப்பவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ நுரையீரல் நோய் என்றோ எழுதப்படும். வாகனம் என்று எழுதப்படுவதில்லை. அங்கும் வாகனம் அடையாளம் தெரியாததே.

நம் மாவட்டத்தில் வாழ்வோருக்கு இது வெளியூர்ச் செய்தி அன்று. வாகனத்தின் பிறப்பும் வாழ்வும் இறப்பும் நம் கண்ணெதிரே நிகழ்கின்றன. மணலியில் கச்சா எண்ணெய் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிகிறது. எண்ணூரில் லாரிகளும் பேருந்துகளும் உருவாகின்றன. எண்ணூர்த் துறைமுகத்தில் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறுகின்றன. பழைய டயர்களைச் சூடேற்றி எண்ணெய் எடுக்கும் ஆலைகள் நம் மாவட்டத்தில் உண்டு. உடைத்த வண்டிகளின் இரும்பும் சேர்ந்த பழைய இரும்பு கும்மிடிப்பூண்டி உலைகளில் மீண்டும் உருகுகிறது. பங்குமக்களில் பலரின் சோறு இத்தொழில்களிலிருந்தே வருகிறது. ஆகவே வாகனத்தைப் பழித்துப் பேசும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அதே பங்குமக்களின் வீடுகளுக்கு நோயில் பூசுதல் வழங்கச் செல்லும்போது கேட்கும் இருமலை நான் மறக்கவும் இயலாது.

மின்சாரக் கார் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்பார் உளர். அது நன்மையே, சாலையில் புகை குறையும். ஆனால் டயரும் தரையும் உரசி எழும் தூசி அதனால் மறைவதில்லை, வேகம் குறைவதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரமும் எங்கிருந்தோ வர வேண்டும். அதில் ஒரு பங்கு நம் அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து எடுக்கப்படுகிறது. அதன் சாம்பலின் துயரைக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்து மீனவர் அறிவர். ஒரு தெருவின் புகையை இன்னொரு தெருவுக்கு அனுப்பிவிட்டு, நம் தெரு தூய்மையாயிற்று என்று மகிழ்வதில் அறம் என்ன இருக்கிறது?

ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு இங்கே நமக்குப் பாடமாக வேண்டும். 1920-களில் அமெரிக்காவில் அது அறிமுகமான காலத்திலேயே, அந்த ஈயக் கலவையைக் கையாண்ட தொழிலாளர் நஞ்சேறி இறந்தனர். தீங்கு தெரிந்தே இருந்தது. ஆயினும் இயந்திரம் சீராக ஓடும் என்பதற்காக, உலகக் குழந்தைகளின் மூளையில் ஈயம் படியப் பல பத்தாண்டுகள் விட்டுவைக்கப்பட்டது. இந்தியாவில் அது முற்றாக நிறுத்தப்பட்டது 2000-ஆம் ஆண்டில். உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-இல். அத்தனை ஆண்டுகளும் அப்பெட்ரோலை ஊற்றிக்கொண்டு திருப்பலிக்கு வந்த நல்லவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரும் ஒரு குழந்தைக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர்.

‘என் ஒரு வண்டியால் என்ன?’

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் இரட்டை விளைவுக் கொள்கையை அறிவர். ஒரே செயலிலிருந்து நன்மையும் தீமையும் விளையுமாயின், அதைச் செய்வது எப்போது தகும்? செயல் தன்னளவில் தீயதாக இருத்தல் ஆகாது. நன்மையையே நாட வேண்டும். தீமையை நன்மைக்கு வழியாகக் கொள்ளலாகாது. இறுதியாக, விளையும் தீமைக்கு ஈடான தகுந்த காரணம் இருக்க வேண்டும். முதல் மூன்று நிபந்தனைகளையும் நம் கார் எளிதில் கடந்துவிடுகிறது. நான்காவது வாயிலில்தான் அது நிற்க வேண்டியிருக்கிறது.

தகுந்த காரணம் உள்ள பயணங்கள் பல. பேறுகால வேதனையில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும், நடக்க இயலாத முதியவரைக் கோவிலுக்கு அழைத்து வருவதற்கும், பேருந்து எட்டாத கிராமத்திலிருந்து பிழைப்புக்குப் போவதற்கும் கணக்குக் கேட்பவர் எவருமில்லை. சக்கரம் நம் நாட்டில் விடுதலையின் கருவியாகவும் இருந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதை நாடே வியந்து பார்த்தது. செருப்பணிந்து தெருவில் நடக்கத் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தெருவில் வண்டியில் செல்வதை மீட்பின் ஓர் அடையாளமாகவே காண்கிறேன். ஆனால் அடுத்த தெருக் கடைக்குக் காரில் செல்வதற்கும், ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தச் சிவப்பு விளக்கைத் தாண்டுவதற்கும், அண்டைவீட்டாரை விடப் பெரிய வண்டி வேண்டும் என்பதற்கும் தகுந்த காரணம் எது? எடைக்கல்லைத் தராசில் வைக்காமலேயே நாம் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘என் ஒரு வண்டியால் உலகம் கெட்டுவிடுமா?’ என்பதே நம் கடைசி அரண். அரசன் கதை நமக்குத் தெரியும். குளத்தைப் பாலால் நிரப்ப எண்ணிய அரசன், இரவில் வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்றும்படி குடிகளுக்கு ஆணையிட்டான். எல்லாரும் பால் ஊற்றும்போது நான் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். விடிந்தபோது குளம் முழுவதும் தண்ணீர். அக்குளத்தைக் கெடுத்தவன் யார்? ஒருவனுமில்லை என்றும் சொல்லலாம்; ஒவ்வொருவனும் என்றும் சொல்லலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இலும் 1987-இலும் வெளியிட்ட மடல்களில் விளக்கிய சமூகப் பாவம் இத்தகையதே. அது யாரும் செய்யாத பாவம் அன்று; தனி மனிதர் பலரின் செயல்களும் சோம்பலும் மௌனமும் சேர்ந்து உறைந்த பாவம். பங்கு போட்டுக்கொண்டதால் பாரம் குறைகிறது என்று எண்ணுகிறோம். சுமப்பவருக்குப் பாரம் குறைவதில்லையே!

நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகத் தெரிந்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்போரைத் திருச்சபையில் கண்டிருக்கிறேன்; முதலில் சிறுவனாய் வரிசையில் நின்றேன், பின்னர் குருவாய் உள்ளே அமர்ந்தேன். ஆனால் விரைந்து வண்டி ஓட்டினேன் என்று ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை, அந்த அடக்கத்துக்கு முன்வரை. குடிபோதையாலோ அளவற்ற வேக ஆசையாலோ சாலையில் பிறரின் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஐந்தாம் கட்டளையின் கீழ்த் தெளிவாகவே கூறுகிறது. கொலை செய்யாதே என்னும் கட்டளை கத்திக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று. பெட்ரோல் ஊற்றிய இயந்திரத்துக்கும் பொருந்தும்.

மந்திரிக்கும்போது

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, பங்குக் குடும்பம் ஒன்று புதிய காரை மந்திரிக்கக் கொண்டுவந்தது. முன்பக்கம் மாலை, உள்ளே செபமாலை, கண்ணாடியில் அந்தோணியார் படம். பல ஆண்டுச் சேமிப்பின் மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் இருந்தது. தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்தியபோதுதான் ஒன்றை உணர்ந்தேன். இத்தனை ஆண்டுகளாக நான் வேண்டியதெல்லாம் வண்டிக்கு உள்ளே இருப்பவர்களுக்காகவே. பிறரின் பாதுகாப்புக்கான வேண்டுதலும் திருச்சபையின் ஆசியுரையில் உண்டு. சுருக்கமாக முடிக்கும் பழக்கத்தில் அதை நானே உதிர்த்துவிட்டிருந்தேன். அன்று அதைச் சேர்த்துச் சொன்னேன்: இவ்வண்டியின் முன்னே நடந்து கடக்கும் முகம் தெரியாதவருக்காகவும், இதன் பின்னே மூச்சு வாங்குபவருக்காகவும். குடும்பத் தலைவர் சற்று வியப்போடு என்னைப் பார்த்தார். பின்னர் அவரும் ‘ஆமென்’ என்றார்.

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயணிகளுக்கான அருள்பணி வழிகாட்டியில் வாகன ஓட்டிகளுக்கென்று பத்துக் கட்டளைகள் இருந்தன. அக்காலத்தில் பலர் அவற்றை வேடிக்கையாகப் பேசினர். வாகனத்தை அதிகாரத்தின் அடையாளமாக்காதே. விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தாங்கு. சாலையில் எளியவரைப் பாதுகாத்திடு என்பன போன்ற கருத்துகளே அவை. எளிய செயல்களும் நம் கைக்கு எட்டியவையே. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டுத் திருவள்ளூர் வழியாகவே சென்றது. இன்றும் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் புறநகர் இரயில் உண்டு. ஒரே ஊரிலிருந்து ஒரே திருப்பலிக்கு வரும் நான்கு குடும்பங்கள் நான்கு காரில் வரத்தான் வேண்டுமா? சாலையில் ஒருவர் வீழ்ந்து கிடந்தால் போலீசு, வழக்கு என்ற அச்சத்தை விடுத்து இறங்கலாம். உதவுவோரைக் காக்கும் வழிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கிற்று. எரிகோ சாலையில் இறங்கிய சமாரியருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை.

நம் பங்கின் இளைஞர் சிலர், அன்பியக் கூட்டத்தில் இணைச் சட்டப் பகுதியைப் படித்த பிறகு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குச் சென்றனர். அந்த இளைஞர் கடக்க முயன்ற இடத்திலிருந்து பாதுகாப்பாகக் கடக்கும் அடுத்த வழி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இடையில் எரியாத விளக்குகளையும் எண்ணி எழுதினர். நடைமேம்பாலம் வேண்டி உரிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. மறுபடியும் போவார்கள், நானும் உடன் போவேன். அந்த இளைஞரின் குடும்பத்துக்கு உரிய ஈட்டுத்தொகைக்கான விண்ணப்பத்தையும் அவர்களே எழுதி அனுப்பினர்.

‘அந்த ஊரில் ஒருவருக்குமா தெரியவில்லை’ என்று அந்தத் தாய் கேட்டார். வண்டியின் எண் இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அம்மா, தொலைவை அளந்து பார்த்துவிட்டோம். மிக அருகிலுள்ள ஊர் எங்களுடையதுதான்.